சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் 36 வீடுகள்: எங்கள் மாவட்ட மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மன்றத்தின் தலைவரான யாங் டிபெர்துவா அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், மண்டல எல்லைகளைத் திருத்தி வரையும் குழுவில் இருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மன்ற உறுப்பினர்களின் மண்டலங்களை மாற்றி அமைக்கப் போகிறீர்கள், அதற்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறீர்கள் என்ற செய்தி, என் கடைக்கு வந்த ஒரு லோரி ஓட்டுநர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து, "அக்கா, இதுல நம்ம பக்கமும் வருதா, பாருங்களேன்" என்றார். பார்த்தேன். மறுநாளே கடையை என் தங்கையிடம் விட்டுவிட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வேலையாகத்தான் இருக்கிறேன்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடமாக நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நகலெடுக்க வருவதில்லை, பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்ப வருகிறார்கள். சமூக நல இலாகாவின் உதவித்தொகை, தொழிலாளர் பாதுகாப்பு நிதியான சொக்சோ, சேமநிதி, பிள்ளையின் பள்ளிப் பதிவு, தொலைந்துபோன பிறப்புப் பத்திரம் என்று எல்லாம் வரும். ஒரு பாரத்துக்கு மூன்று வெள்ளி. வயதானவர்களிடம் வாங்குவதில்லை. இத்தனை வருடத்தில் இந்த ஊரின் முகவரிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் தோட்டத்திலிருந்து தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்குப் போனவர்கள், யார் இன்னும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஏட்டைப் பார்க்காமல் சொல்வேன்.

இந்த விஷயத்தை மலாய் மொழியில் மனுவாக எழுதி, 112 பேரின் கையெழுத்தோடு உங்கள் கவுண்டரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சாப்பும் வாங்கிவிட்டேன். அப்படியிருக்கத் தமிழில் எதற்கு இன்னொரு மடல் என்று கேட்கலாம். கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்கு மலாய் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. தாங்கள் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பதைத் தங்கள் மொழியில் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். உங்கள் மன்றத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு நன்றி. மனதாரச் சொல்கிறேன். எங்களைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. நம் மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, அதை அடியோடு எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. எட்டுப் பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மிகாமல் இருக்கலாம். ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வார்டு இப்போது இல்லை. நம் ஆட்கள் வாயில் 'ஸோன்' என்று வழங்கும் இந்த மண்டலங்கள், யார் எந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்வது என்று மன்றமே தன் வசதிக்குப் பிரித்துக்கொண்டவை. கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறைக்குள்ளேயே கோட்டைப் போட்டு முடித்திருக்கலாம். நீங்கள் வரைபடத்தை வெளியே மாட்டினீர்கள். மாட்டியதால்தான் எனக்கு இதை எழுத முடிகிறது.

இனி வரைபடத்துக்கு வருகிறேன்.

உங்கள் கவுண்டருக்குப் பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு நிறம். நடுவில் பெருஞ்சாலை தடித்த சிவப்புக் கோடாகப் போகிறது. சாலைக்குத் தெற்கே எங்கள் தாமான், மலாய்க்காரர் கிராமமான மலாய்க் கம்பம், ஆற்றங்கரை எல்லாம் பச்சை. வடக்கே பேருந்து நிலையம், கடைத்தெரு, புதுக்கிராமம், தமிழ்ப்பள்ளி எல்லாம் மஞ்சள். தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் மஞ்சளும் பச்சையும் இல்லாமல் ஒரு துண்டு வெள்ளையாக இருக்கிறது. விரல் நுனியை வைத்தால் மறைந்துபோகும் அளவுதான். நான் வைத்துப் பார்த்தேன். அந்த விரலுக்கு அடியில்தான் தோட்டத்து லயங்கள் இருக்கின்றன. 36 வீடுகள்.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, எரிச்சல் படாமல் பதில் சொன்னாள். அது தோட்ட நிறுவனத்தின் தனியார் நிலம், மன்றத்தின் சேவை அங்கே போவதில்லை, அதனால் நிறம் தீட்டவில்லை என்றாள். அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தனக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் சொன்னாள். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு பேருந்தில் திரும்பிய அந்த அரை மணி நேரமும் என் மனசு ஆறவில்லை.

அந்த 36 வீடுகளில் இருப்பவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. பால்மரத் தோட்டமாக, அதாவது ரப்பர் தோட்டமாக, இருந்த காலத்தில் இரண்டாம் டிவிஷனில் மட்டும் எட்டு லயம் இருந்தது. கோயில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, பள்ளி, திடல், பால் ஸ்டோர் எல்லாம் நடக்கிற தூரத்தில். பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். நிறுவனமும் கை மாறியது. ஆள் குறைந்தது, லயங்களை இடித்தார்கள். பெரும்பாலானவர்கள் சாலைக்குத் தெற்கே கட்டிய மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள். என் குடும்பமும் அப்படிப் போனதுதான். இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும், வீடு வாங்க வங்கிக் கடன் கிடைக்காதவர்களும் மிச்சமிருந்த லயங்களில் தங்கிவிட்டார்கள். அண்ணன் தாமானில், தம்பி லயத்தில். மகள் இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம். தினமும் சாயங்காலம் அந்தச் சாலையைக் கடந்து குழம்புப் பாத்திரம் போய்வருகிற உறவு இது.

அவர்களின் அடையாள அட்டையான மைகார்டில் இன்றும் தோட்டத்தின் பெயர்தான் முகவரியாக இருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதானவர்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேருகிறார்கள் அல்லவா? லயத்துப் பிள்ளைகளும் அதே முகவரியில் சேர்ந்திருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி என் கடைக்கே வந்து கேட்டிருக்கிறார்கள், பார்த்துச் சொல்லியிருக்கிறேன். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடுகிற அந்தப் பிள்ளை, வீட்டு வாசலில் தேங்கும் தண்ணீருக்கு யாரிடம் முறையிடுவது என்று கேட்டால், உங்கள் வரைபடத்தில் அவன் நிற்கும் இடத்துக்கு ஒரு நிறம்கூட இல்லை.

தனியார் நிலத்துக்குள் மன்றம் நினைத்தபடி புகுந்து வேலை செய்ய முடியாது, எனக்குத் தெரியும். தோட்டத்துக் குடியிருப்பில் தண்ணீர், மின்சாரம், துப்புரவு எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 சொல்வதும் தெரியும். அந்தப் பொறுப்பை மன்றம் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த 36 வீட்டுக்காரர்களும் தங்களுக்கு ஒரு மன்ற உறுப்பினர் இருக்கிறார், இன்னார்தான் அவர் என்று சொல்லும்படி அவர்களை ஒரு மண்டலத்தில் சேருங்கள் என்று கேட்கிறேன். நிறுவனம் செய்ய வேண்டியதைச் செய்யாதபோது, அதை நிறுவனத்திடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். லயத்தில் இருப்பவனே போய்க் கேட்டால், வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில் இருக்கும்போது அவன் குரல் எவ்வளவு தூரம் எழும்பும்?

இப்போது உங்கள் கருத்துப் பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அறிவிப்பைப் பார்த்த வாரமே லயத்துக்குப் போனேன். கையோடு நாற்பது பாரம் அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன். கோயில் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டு நிரப்பினேன். முதலில் வந்தவர் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி. முப்பது வருடம் பால் வெட்டியவர். மகனோடு லயத்தில் இருக்கிறார். பெயர், மைகார்டு எண், முகவரி எழுதிவிட்டேன். நான்காவது கட்டம் மதிப்பீட்டு வரிக் கணக்கு எண். என் பேனா நின்றது.

"என்னாமா, எழுதாம உக்காந்துட்ட?" என்றார் பாட்டி.

"வீட்டு வரி நம்பர் கேட்டிருக்காங்க பாட்டி."

"வீடு நம்மளது இல்லியே. தோட்டத்து வீடுதானே. இல்லன்னு எழுதிடு."

இல்லை என்று எழுதினேன். அப்படியே 31 பாரம். எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தபோது, கணக்கு எண் இல்லாத பாரத்தைப் பதிவு செய்ய முடியாது என்று கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வரி கட்டுகிறவர்களின் கருத்தைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று அறிவிப்பில் எங்கும் இல்லை. 'பொதுமக்கள்' என்றுதான் போட்டிருந்தது. அந்தப் பாட்டி பொதுமக்களில் ஒருவர் இல்லையா? தாமானில் வாடகைக்கு இருப்பவர்களும் இதே கட்டத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். வரிக் கணக்கு வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது, அவர் கோலாலம்பூரில் இருக்கிறார்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. மண்டலங்களை எப்படிச் சமமாகப் பிரித்தீர்கள் என்று விளக்கத்தாளில் படித்தேன். வரி விதிக்கப்பட்ட கட்டடங்கள் ஒவ்வொரு மண்டலத்திலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வரும்படி பிரித்ததாக இருக்கிறது. கணக்கு எடுக்க அது சுலபம்தான். ஆனால் கடைத்தெருவில் மாடியில் ஆளே இல்லாத கடைவீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் எங்கள் தாமானின் மலிவு விலை வீட்டுக்கு வாருங்கள். இரண்டு அறை, தாத்தா பாட்டி, மகன் மருமகள், நாலு பிள்ளைகள். இரண்டும் உங்கள் கணக்கில் ஒவ்வொரு கட்டடம்தான். லயத்து வீடு கணக்கிலேயே வரவில்லை. சேவை மனிதர்களுக்குத்தானே? தலைகளை எண்ணிப் பிரியுங்கள்.

லோங்காங், அதாவது வடிகால் வாய்க்கால், கதையைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. என்னை இந்த எல்லை விஷயத்தில் இறங்க வைத்ததே அதுதான்.

அந்த லோங்காங் தோட்டத்துக்குள்ளே பழைய பால் ஸ்டோருக்குப் பின்னால் தொடங்குகிறது. லயத்தைச் சுற்றிக்கொண்டு, தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரமாக வந்து, பெருஞ்சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. பிறகு எங்கள் தாமானின் பின்சந்து, அதைத் தாண்டி மலாய்க் கம்பம், அப்புறம் ஆறு. ஒரே தண்ணீர், ஒரே ஓட்டம். மேலே செம்பனை மட்டை விழுந்தால் கீழே எங்கள் அடுப்படிக்குள் தண்ணீர் வரும். கீழே அடைத்துக்கொண்டால் மேலே பள்ளிக்கூடம் மூழ்கும்.

இப்போதைய எல்லையும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதனால் என்ன நடக்கிறது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் மழைக்காலத்தில் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது. தெற்கு மண்டல உறுப்பினரை அழைத்தேன். அடைப்பு குழாயின் வடக்கு வாயில் இருக்கிறது, அது என் பகுதி இல்லை என்றார். வடக்கு உறுப்பினரை அழைத்தேன். தண்ணீர் ஏறுகிற வீடுகள் தெற்கே இருக்கின்றன, அங்கே உள்ளவரிடம் சொல்லுங்கள் என்றார். அலுவலகத்தில் கேட்டால், அது கூட்டரசு சாலை, அதற்கு அடியில் இருக்கும் குழாய் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு என்றார்கள். ஆறு வடிகால் நீர்ப்பாசன இலாகாவுடையது. தோட்டத்துக்குள் இருக்கும் பகுதி நிறுவனத்துடையது. ஒவ்வொருவரும் சொன்னது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். நாலு இடத்துக்கு நாலு கடிதம் எழுதினேன். நகல்கள் என் கடையில் ஒரு நீலக் கோப்பில் இருக்கின்றன, யார் வந்தாலும் காட்டுவேன்.

கடிதங்கள் போய்க்கொண்டிருந்தபோதே இன்னொரு மழை வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு வகுப்புக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் சேறு அள்ளப் போனவர்களில் நானும் ஒருத்தி. சுவரில் அந்த ஆசிரியை தன் கையால் வெட்டி, வண்ணம் தீட்டி ஒட்டியிருந்த எழுத்து அட்டைகளில் மேல் இரண்டு வரிசை அப்படியே இருந்தது. அடி வரிசையை மட்டும் காணோம். ஐ, ஒ, ஓ, ஔ இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு. பிள்ளைகள் அன்றாடம் நின்று தொட்டுப் படிக்கிற உயரம் அது. ஆசிரியை ஒன்றும் பேசாமல் ஈரத் துணியால் அந்தக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது போகவில்லை.

அடைப்பைக் கடைசியில் எடுத்தது எங்கள் தாமான் இளைஞர்களும், கம்பத்திலிருந்து வந்த நாலு பேரும். ஒரு மெத்தை, முப்பது நாற்பது செம்பனை மட்டை, ஒரு சைக்கிள் சக்கரம். கம்பத்து ஹாஜி ஒருவர் எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்த மனுவில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புதிய வரைபடத்திலும் கோடு அதே சாலையில்தான் போகிறது. போதாததற்கு, லோங்காங் தொடங்கும் இடம் வெள்ளையில். ஒரே தண்ணீருக்கு மூன்று நிலை: மேலே யாருக்கும் சொந்தமில்லை, நடுவில் மஞ்சள், கீழே பச்சை. சாலையை எல்லையாக வைத்தால் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும், குப்பை லோரி போகும் வழிக்கும் வசதி என்று விளக்கத்தாளில் எழுதியிருக்கிறீர்கள். கடைத்தெருப் பக்கம் அது சரிதான். பசாரையும் பேருந்து நிலையத்தையும் ஒரே மண்டலத்தில் சேர்த்ததும் நல்ல காரியம், பல வருடமாக வியாபாரிகள் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் பக்கம் வந்ததும் தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள், பிள்ளைகள் நடக்கிற வழியைப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளி எப்படி அங்கே வந்தது என்று யோசித்திருப்பீர்களோ என்னவோ. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டியிருந்தது. தோட்டத்துப் பள்ளிகள் பெரும்பாலும் அப்படித்தான் லயத்துக்குப் பக்கத்தில் முளைத்தன. பிள்ளைகள் சாலைக்கு இந்தப் பக்கம் குடி மாறிவிட்டார்கள், பள்ளி அந்தப் பக்கமே நிற்கிறது. இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் காலை ஏழு மணிக்கு, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகிற நேரத்தில், அந்தச் சாலையைக் கடக்கிறார்கள். நடைபாதைக் கோடு போட வேண்டும், விளக்கு வைக்க வேண்டும் என்று பெற்றோர் எவ்வளவோ கேட்டாகிவிட்டது. சாலை கூட்டரசுடையதாக இருந்தாலும், அதற்கு முறையாகக் கேட்டு வாங்கித்தர மன்றத்தில் ஒருவர் முனைய வேண்டும். புதிய வரைபடப்படி பள்ளிக்கூடம் மஞ்சளில், பெற்றோர் பச்சையில். மஞ்சளுக்குப் பொறுப்பானவரைத் தேடிப்போகும் தாயிடம், "நீங்கள் என் மண்டலத்தில் இல்லையே அம்மா" என்று அவர் சொல்லலாம். சொன்னால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. கோட்டைப் போட்டது அவர் இல்லையே.

எனவே எல்லைக் கோட்டைப் பற்றி நாங்கள் கேட்பது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் மட்டும் அந்தக் கோட்டைச் சாலையிலிருந்து எடுத்து, தமிழ்ப்பள்ளிக்கும் லயத்துக்கும் வடக்கே, லோங்காங் தொடங்கும் மேட்டுக்கு நகர்த்துங்கள். லயம், பள்ளி, கோயில், தாமான், கம்பம் எல்லாம் ஒரே மண்டலத்தில் வரட்டும். இதனால் எங்கள் மண்டலம் பெரிதாகிவிடும் என்றால், ஆற்றுக்குத் தெற்கே புதிதாக வந்திருக்கும் இரண்டு மாடி வீட்டு வரிசையை அடுத்த மண்டலத்துக்குக் கொடுக்கலாம். அவர்களுக்கு அந்தப் பக்கத்துப் பாலமும் கடைகளும்தான் புழக்கம். அங்கே இருக்கும் சிலரிடம் நானே கேட்டேன், தங்களுக்குச் சம்மதம் என்றார்கள்.

இதை இனத்தின் பேரில் கேட்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நாங்கள் கேட்கிற கோட்டுக்குள் மலாய்க் கம்பம் முழுதாக வருகிறது. லயத்தில் இப்போது எங்கள் ஆட்களோடு இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அந்த லோங்காங் தண்ணீர் யாருடைய வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நாங்கள் கேட்பது புதுமையான விஷயமும் இல்லை. நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதி எல்லைகளை வரையும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணை சொல்கிறது. வாக்காளர் எண்ணிக்கை அதில் ஒன்று. எல்லையை மாற்றுவதால் மக்களுக்கு ஏற்படும் சிரமத்தையும், ஓர் ஊருக்குள் இருக்கும் பிணைப்பு அறுந்துபோகாமல் இருப்பதையும் கருத வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்த அட்டவணைப்படி, ஒரு தொகுதியின் வாக்காளர்கள் நூறு பேர் சேர்ந்து ஆட்சேபித்தால் தேர்தல் ஆணையம் உள்ளூரில் விசாரணை நடத்த வேண்டும். மன்ற மண்டலத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. இருந்தாலும் நூறுக்குக் குறையக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அதனால்தான் 112 கையெழுத்து.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்ட அதே 1965இல், ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவராக இருந்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். நம்மவர். 1968இல் அறிக்கையை முடித்துக் கொடுத்தார்கள். ஊராட்சி மன்றம் மக்கள் தேர்ந்தெடுத்ததாகவே இருக்க வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் முடிவு. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஊராட்சித் தேர்தல் மீண்டும் வர வேண்டுமா என்பது உங்கள் கையில் இல்லாத விஷயம், அதை உங்களிடம் வாதாட வரவில்லை. ஆனால் ஓட்டு இல்லாத இடத்தில் கருத்துக் கேட்பு ஒன்றுதான் எங்களுக்கு இருக்கும் வாசல். 1950களில் பக்கத்துப் புதுக்கிராமத்தார் தங்கள் மன்றத்துக்கு ஓட்டுப் போட்டபோதும் தோட்டத்துக்குள் தொரை வைத்ததுதான் சட்டம் என்று என் அப்பா சொல்வார். எங்களுக்கு இந்த வாசல் கொஞ்சம் புதிது. அதனால் அதன் அகலம் எங்களுக்கு முக்கியம்.

அந்த அகலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளக்கக் கூட்டத்தைப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, 18 கிலோமீட்டர் தள்ளி உங்கள் மண்டபத்தில் வைத்தீர்கள். லயத்து ஆட்கள் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார்கள். அந்த நேரத்தில் குலை வெட்டிக்கொண்டிருப்பார்கள், வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. தாமானில் இருப்பவர்கள் தொழிற்சாலைப் பேருந்தில் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து வந்தது நான், இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோயில் செயலாளர், அவ்வளவுதான். கூட்டத்தில் 'வரவேற்பு குறைவு' என்று குறிப்பெழுதியிருந்தால் தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், மண்டபம் தருகிறோம் என்றார். நாற்காலி, ஒலிபெருக்கி, பசியாற நாசி லெமாக் எல்லாம் எங்கள் பொறுப்பு. பெரிய வரைபடம் ஒன்று கொண்டுவாருங்கள், கண்ணாடிக்குப் பின்னால் இல்லாமல், கிட்டப் போய் விரல் வைத்துப் பார்க்கும்படி. மலாயில் விளக்கினால் போதும், தமிழில் எடுத்துச் சொல்ல நான் இருக்கிறேன். அதற்கு வசதியாகக் கருத்துச் சொல்லும் கடைசி நாளை ஒரு மாதம் தள்ளி வையுங்கள்.

இறுதி எல்லையை முடிவு செய்யும்போது, நாங்கள் கேட்டது ஏற்கப்படவில்லை என்றால் ஏன் ஏற்கப்படவில்லை என்று எழுத்தில் ஒரு பதில் வேண்டும். பினாங்கும் சிலாங்கூரும் தகவல் பெறும் உரிமைக்கு 2010இலும் 2011இலும் மாநிலச் சட்டமே இயற்றின. நம் மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ஒரு பாரம் நிரப்பியிருப்பேன். சட்டம் 171இன் 23ஆவது பிரிவுப்படி, மன்றமே வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. எல்லை விஷயம் எந்தக் கூட்டத்தில் வருகிறதோ அதன் தேதியை முன்கூட்டியே தெரிவியுங்கள். இரண்டு வேன் பிடித்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்போம்.

அதற்கு முன்பு ஒரு வேண்டுகோள். குழுவில் இருப்பவர்கள் ஒரு காலை வேளையில் வந்து அந்த லோங்காங் ஓரமாக எங்களோடு நடந்து பாருங்கள். பால் ஸ்டோரிலிருந்து ஆறு வரைக்கும் நாற்பது நிமிடம்கூட ஆகாது. புல் உயரமாக இருக்கும், அட்டையும் உண்டு, ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வருவது நல்லது. ஹாஜியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திருப்பிக் கொடுத்த அந்த 31 பாரங்களும் என் கடையில் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கின்றன. பாட்டி இரண்டு முறை வந்து, "அனுப்பிட்டியாமா?" என்று கேட்டுவிட்டார். நான்காவது கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். அன்றைக்கே எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து நகலெடுக்கும் கடையிலிருந்து,
இரண்டாம் டிவிஷனில் பிறந்து தாமானில் வாழும் ஒருத்தி